118 இல்லாத ஆட்சியும் காசிமேட்டு முன்பணமும்

வண்ணாரப்பேட்டையில் இருக்கும் ஒரு தம்பி, அடுத்த தேர்தலில்தான் முதல் ஓட்டுப் போடப் போகிறவர், மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். சட்டசபையில் பெரும்பான்மைக்கு வேண்டிய 118 இடம் இல்லாத கட்சி ஆட்சி அமைத்தால் அது சட்டப்படி செல்லுமா, கூட்டணி ஆட்சியும் மைனாரிட்டி ஆட்சியும் ஒன்றுதானா, அப்படி ஒன்று வந்தால் ஆறே மாதத்தில் மறுபடி தேர்தல் வந்து நம் தலையில் விழாதா. கேட்ட விதத்திலேயே, மைனாரிட்டி அரசு என்றால் ஏதோ பின்வாசல் வேலை என்ற நினைப்பு தெரிகிறது. அது அவர் தப்பு இல்லை. 2006 முதல் 2011 வரை ஐந்து வருஷம் ஜெயலலிதா அறிக்கைக்கு அறிக்கை ‘மைனாரிட்டி திமுக அரசு’ என்றே எழுதி, அந்தச் சொல்லை ஒரு வசவாகவே ஆக்கிவிட்டுப் போனார்.

செல்லுமா என்றால், செல்லும். அரசியலமைப்புச் சட்டத்தில் 118 என்ற எண்ணும் கிடையாது, மைனாரிட்டி அரசு என்ற பேச்சும் கிடையாது. 164-வது பிரிவில் இருப்பதெல்லாம், மந்திரிசபை கூட்டாகச் சட்டசபைக்குப் பொறுப்பு என்கிற ஒரு வரிதான் (மத்திய அரசுக்கு இதையே 75-வது பிரிவு சொல்கிறது). அதாவது சபை ‘போதும், இறங்கு’ என்று சொல்லாதவரை உட்கார்ந்திருக்கலாம். சபை அதைச் சொல்வது நம்பிக்கை வாக்கெடுப்பில், அல்லது நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில், அல்லது பட்ஜெட்டைத் தோற்கடித்து. அதிலும் எண்ணுவது அன்றைக்கு வந்திருந்து ஓட்டுப் போட்டவர்களை மட்டும். 234 பேரும் வந்து கை தூக்கினால்தான் 118 வேண்டும். ஒரு கட்சி வெளிநடப்பு செய்துவிட்டால் தேவையான எண்ணும் அதோடு கூடவே வெளியே போய்விடும். 1991-ல் நரசிம்ம ராவ் பிரதமரானபோது காங்கிரஸுக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை, ஆனால் அவர் கேட்ட முதல் நம்பிக்கை ஓட்டில் ஜனதா தளமும் இடதுசாரிகளும் எதிர்த்துப் போடாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். எதிர்க்காததும் ஒருவகை ஆதரவுதானே. டென்மார்க்கில் இதையே விதியாக வைத்திருக்கிறார்கள்: அரசுக்கு ஆதரவாகப் பெரும்பான்மை இருக்க வேண்டியதில்லை, எதிராகப் பெரும்பான்மை இல்லாமல் இருந்தால் போதும். அங்கே சிறுபான்மை அரசு என்பது அன்றாடம், யாரும் அதைத் திட்டுவதற்குப் பயன்படுத்துவதில்லை.

இரண்டாவது கேள்விக்குக் காசிமேட்டுக்கு வாருங்கள். என் தாய்மாமன் ஒரு விசைப்படகில் பாதிப் பங்கு வைத்திருந்தார். இன்னொரு பாதி அவர் சிநேகிதருடையது. லாபம் வந்தால் இருவருக்கும், வலை கிழிந்தால் இருவருக்கும், படகில் யாரை ஏற்றுவது என்பதிலும் இருவருக்கும் வாய் உண்டு, தினம் சண்டையும் உண்டு. கூட்டணி ஆட்சி இதுதான். மந்திரிசபையில் பல கட்சி உட்காரும், நல்ல பேரும் கெட்ட பேரும் எல்லோர் தலையிலும் சேர்ந்து விழும். ஆனால் அந்தப் படகில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். ஏலம் விடுகிறவர். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகை மேலே ஏற்றிப் பழுது பார்ப்பார்கள் இல்லையா, அதற்கும், அப்புறம் ஐஸ், டீசலுக்கும் முன்பணம் கொடுத்தவர் அவர். படகில் ஒரு பலகைகூட அவர் பேரில் இல்லை, கடலில் கால் நனைத்ததில்லை. ஆனால் மீன் கரைக்கு வந்தால் அவர் கையில்தான் ஏலம், அவர் சொன்ன கழிவு. ஒருநாள் மாமா வேறு ஒருவரிடம் இரண்டு கூடை வஞ்சிரத்தைத் தள்ளிவிட்டார் என்று தெரிந்து அவர் வந்து சத்தம்கூடப் போடவில்லை, ‘கணக்கை முடிச்சிக்கலாமா?’ என்று மட்டும் கேட்டார், மாமாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

வெளியிலிருந்து ஆதரவு என்பது அதுதான். மந்திரி பதவி கேட்க மாட்டார்கள், இலாகா வேண்டாம் என்பார்கள், தியாகம் மாதிரித் தெரியும். பெட்ரோல் விலை ஏறினால் முதல் போராட்டம் அவர்களுடையதாகவே இருக்கும். கெட்ட பேரில் பங்கு இல்லை, ஆனால் கணக்கை முடிக்கும் அதிகாரம் மட்டும் கையில். ஆள்கிற கட்சியோ கட்சிகளோ பெரும்பான்மைக்குக் கீழே நின்று, மிச்சத்தை இப்படி வெளியிலிருந்து வாங்கினால் அது சிறுபான்மை அரசு. ஆகவே ஒரே அரசு கூட்டணி அரசாகவும் சிறுபான்மை அரசாகவும் இருக்கலாம். 2004-ல் மன்மோகன் சிங் மந்திரிசபையில் திமுக உட்படப் பல கட்சிகள் இருந்தன, அப்படியும் எண்ணிக்கை போதாமல் இடதுசாரிகளின் 59 எம்.பி.க்கள் வெளியே நின்று தாங்கினார்கள்.

இப்போது மூன்றாவது கேள்வி. அதுதான் விஷயம். கவிழுமா, கவிழாதா? இதற்கு எல்லோரும் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார்கள், எத்தனை குறைகிறது, யாரைச் சேர்த்தால் சரியாகும் என்று. நான் பார்ப்பது வேறு ஒன்று: ஆதரவு தருகிறவர் நாளைக்கு அதை வாபஸ் வாங்கினால் அவருக்கு என்ன நஷ்டம்?

2006-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். திமுகவுக்கு 96. காங்கிரஸுக்கு 34, பாமகவுக்கு 18, மார்க்சிஸ்ட் 9, இந்திய கம்யூனிஸ்ட் 6. மந்திரிகள் எல்லோரும் திமுக, மற்றவர்கள் வெளியே. ‘ஆட்சியில் பங்கு’ என்று காங்கிரஸில் சிலர் அவ்வப்போது முனகினார்கள், அது முனகலாகவே போனது. 2008-ல் பாமகவோடு உறவு முறிந்தது, அடுத்து இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் அதிமுக பக்கம் போய்விட்டன. சாதாரணமாக இது ஒரு சிறுபான்மை அரசின் சாவுச் சேதி. ஒன்றும் ஆகவில்லை. ஏன் என்றால் 96-ம் 34-ம் சேர்ந்தால் 130, காங்கிரஸ் ஒன்று இருந்தாலே போதும், அந்தக் காங்கிரஸால் போக முடியாது. டெல்லியில் மன்மோகன் சிங் அரசுக்குத் திமுகவின் 16 எம்.பி.க்கள் வேண்டும், 2009-க்குப் பிறகு 18 பேர் வேண்டும். கோட்டையில் இவர் கழுத்து அவர் கையில், டெல்லியில் அவர் கழுத்து இவர் கையில். அந்த ஐந்து வருஷத்தில்தான் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது, கலர் டி.வி. வந்தது, காப்பீட்டுத் திட்டம் வந்தது. வியாசர்பாடியில் ரேஷன் கடை வரிசையில் நின்ற யாரும் இது மைனாரிட்டி அரசின் அரிசி என்று பார்த்து வாங்கவில்லை. கெட்டதும் நடந்தது, அதற்கும் எண்ணிக்கைக்கும் சம்பந்தம் இல்லை.

இதற்கு நேர் எதிர் சந்திரசேகர். 1990 நவம்பரில் வி.பி. சிங் அரசு கவிழ்ந்ததும், ஜனதா தளத்தை உடைத்துக்கொண்டு அறுபது சொச்சம் எம்.பி.க்களோடு வந்தவர், 197 பேரோடு ஜெயித்து எதிர்க்கட்சியாக உட்கார்ந்திருந்த ராஜீவ் காந்தியின் காங்கிரஸ் வெளியிலிருந்து தாங்க, பிரதமரானார். முன்பணம் கொடுத்தவர் படகைவிட மூன்று மடங்கு பெரியவர்! அவருக்கு வாபஸ் வாங்குவதில் என்ன நஷ்டம்? ஒன்றும் இல்லை. நாலே மாதம். ராஜீவ் வீட்டுக்கு வெளியே ஹரியானா போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வேவு பார்த்தார்கள் என்று காங்கிரஸ் கோபித்துக்கொண்டது, 1991 மார்ச் 6-ல் சந்திரசேகர் ராஜினாமா. அந்த இரண்டு போலீஸ்காரர்கள் இல்லையென்றால் வேறு இரண்டு பேர் கிடைத்திருப்பார்கள். அதற்கு முன்னால் 1979-ல் இந்திரா காந்தியின் ஆதரவை நம்பிப் பிரதமரான சரண் சிங்குக்கு நடந்ததும் இதுதான், அவர் பிரதமராக மக்களவையைச் சந்திக்கவே இல்லை, 23 நாளில் ராஜினாமா. அடுத்த தேர்தலில் இந்திரா காந்தி அள்ளிக்கொண்டு வந்தார். தேர்தலில் ஜெயிப்போம் என்று தெரிந்தவர் கையில் முன்பணம் வாங்கினால் முடிவு அப்படித்தான்.

சந்திரசேகர் காலத்தில் தமிழ்நாட்டுக்கு நடந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். 1991 ஜனவரி 30-ல் கலைஞர் அரசைக் கலைத்தார்கள். இங்கே திமுகவுக்குத் தனிப் பெரும்பான்மை, சபையில் ஒரு ஓட்டுக்கூடக் குறையவில்லை. விடுதலைப் புலிகள் நடமாட்டம், சட்டம் ஒழுங்கு என்று காரணம் சொன்னார்கள். கவர்னர் சுர்ஜித் சிங் பர்னாலா அப்படி அறிக்கை எழுதித் தர மாட்டேன் என்று மறுத்துவிட்டார். மாநில அரசைக் கலைக்க வழி தரும் 356-வது பிரிவில் கவர்னர் அறிக்கையின் பேரிலோ ‘வேறு விதமாகவோ’ என்று ஒரு சொல் இருக்கிறது, அந்தச் சொல்லை வைத்து அறிக்கை இல்லாமலே முடித்தார்கள். டெல்லியில் ஆட்சி காங்கிரஸ் தயவில், காங்கிரஸுக்கு இங்கே அதிமுக தோழமை. அங்கே இருந்த ஒரு சிறுபான்மை அரசு தன் உயிரை இழுத்துப் பிடிக்க, இங்கே முழுப் பெரும்பான்மையோடு இருந்த அரசைக் காவு கொடுத்தது, கொடுத்தும் ஐந்து வாரத்தில் போய்ச் சேர்ந்தது. அப்போது நான் படிப்பகத்தில் பேப்பர் படிக்கிற வயசு. பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் செய்தியை உரக்கப் படித்துவிட்டு, ‘ஓட்டுப் போட்டது நம்ம, கலைச்சது அவன்’ என்று பேப்பரை மடித்து வைத்தது நினைவிருக்கிறது.

அந்த மாதிரி வேலைக்கு 1994-ல் கடிவாளம் விழுந்தது. கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து சொன்ன தீர்ப்பு: ஒரு அரசுக்குப் பெரும்பான்மை இருக்கிறதா என்பதைச் சபையில்தான் பார்க்க வேண்டும், கவர்னர் மாளிகை வரவேற்பறையில் இல்லை. இதன் பலன் 1998-ல் தெரிந்தது. வாஜ்பாய் அரசு அதிமுகவின் 18 எம்.பி.க்களை நம்பி இருந்தது, அவர்கள் கேட்டவற்றில் முக்கியமானது கலைஞர் அரசைக் கலைப்பது. ஏழு வருஷம் முன்னால் சுலபமாகக் கிடைத்தது இந்தத் தடவை கிடைக்கவில்லை. 1999 ஏப்ரலில் ஆதரவு வாபஸ்.

அதற்கு முன் நம் தொகுதிக்காரர் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். 1996-ல் வடசென்னையில் ஜெயித்த என்.வி.என். சோமு, காங்கிரஸ் வெளியிலிருந்து தாங்கிய ஐக்கிய முன்னணி அரசில் பாதுகாப்புத் துறை இணை மந்திரி. 1997 நவம்பர் 14-ல் அருணாசலப் பிரதேசத்தில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்துபோனார். துக்கம் ஆறும் முன்னால் டெல்லியில் வேறு கூத்து. ராஜீவ் கொலை பற்றிய ஜெயின் கமிஷன் இடைக்கால அறிக்கையைக் காட்டி, திமுக மந்திரிகளை நீக்கு, இல்லையென்றால் ஆதரவு கிடையாது என்று காங்கிரஸ் சொன்னது. பிரதமர் குஜ்ரால் நீக்கவில்லை. நவம்பர் 28-ல் காங்கிரஸ் கணக்கை முடித்தது. கண்ட லாபம்? 1996-ல் 140 இடம் வைத்திருந்தவர்கள் 1998 தேர்தலில் 141-க்கு வந்தார்கள், ஆட்சி பாஜகவுக்குப் போனது. ஒரே ஒரு இடம் கூடுதலாக.

மறுபடி வாஜ்பாய்க்கு வருவோம். 1999 ஏப்ரல் 17 சனிக்கிழமை, மக்களவையில் அவர் கேட்ட நம்பிக்கை ஓட்டு. புளியந்தோப்பில் எங்கள் கேரம் கிளப்பில் பத்துப் பதினைந்து பேர் இருந்தோம், அலமாரி மேல் ஒரு போர்ட்டபிள் டி.வி. போர்டில் ரெட் நிற்கிறது, ஸ்ட்ரைக்கரைக் கையில் வைத்துக்கொண்டே ஒருவன் டி.வி.யைப் பார்க்கிறான், பவுடர் விரலெல்லாம். ஆதரவு 269, எதிர்ப்பு 270 என்று வந்தபோது ஒரு நொடி யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம், பாதிப் பேர் சந்தோஷத்தில், மீதிப் பேர் கோபத்தில். திமுக அன்றைக்கு வாஜ்பாய் அரசுக்கு ஆதரவாகவும் அதிமுக எதிராகவும் ஓட்டுப் போட்டதால் யார் எதற்குக் கத்துகிறான் என்பதே குழப்பம். அந்த ஒரு ஓட்டு யாருடையது என்று வாரக்கணக்கில் சண்டை. ஒடிசா முதல்வராகிவிட்ட கிரிதர் கமாங் எம்.பி. பதவியை இன்னும் விடாமல் இருந்தவர், வந்து எதிர்த்துப் போட்டார், அவருடையதா? கட்சி ஆதரிக்கச் சொல்லியும் எதிர்த்துப் போட்ட தேசிய மாநாட்டுக் கட்சியின் சைபுதீன் சோஸுடையதா? 270 பேரில் எந்த ஓட்டும் கடைசி ஓட்டுதான், எல்லாமே சமம், ஆனால் இதைச் சொன்ன எனக்கு அன்றைக்கு டீ கிடைக்கவில்லை. அடுத்த தேர்தலில் வாஜ்பாய் திமுகவைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தார், அதிமுக 18-லிருந்து 10 ஆனது. 2008-ல் அணு ஒப்பந்தத்துக்காக ஆதரவை வாபஸ் வாங்கிய இடதுசாரிகள் 59-லிருந்து 2009-ல் 24. அவர்கள் வாபஸ் வாங்கியும் அரசு கவிழவில்லை என்பது கூடுதல் வேதனை, 275-க்கு 256 என்று மன்மோகன் சிங் ஜெயித்துவிட்டார். தோல்விக்கெல்லாம் வாபஸ் ஒன்றுதான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் இதையெல்லாம் பார்த்த கட்சிகள் இப்போது ஆதரவை வாபஸ் வாங்கும் முன் நாலு தடவை யோசிக்கின்றன. 2024-ல் பாஜகவுக்கு 240, பெரும்பான்மைக்கு 272. சந்திரபாபு நாயுடுவின் தெலுங்கு தேசம் 16, ஐக்கிய ஜனதா தளம் 12 என்று சேர்த்துக்கொண்டு, உள்ளே பங்கு கொடுத்து அமைத்த அரசு அது. ‘நாயுடு எப்போது கழற்றிவிடுவார்’ என்று கேட்பவர்களுக்கு நான் திருப்பிக் கேட்பது, கழற்றிவிட்டால் ஆந்திரத் தலைநகர் அமராவதியைக் கட்டப் பணம் யார் தருவார் என்பதுதான்.

ஒரு விஷயம் தம்பி கேட்கவில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். கட்சித் தாவல் தடைச் சட்டம், 1985-ல் வந்தது, ஒரு கட்சிக்குள்தான் பாயும். கூட்டணியைக் கட்டிப்போடாது. ஒரே மேடையில் கைகோத்து ஓட்டுக் கேட்டுவிட்டு, ஜெயித்த மறுநாள் ஒரு கட்சி முழுசாக எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாலும் ஒருவர் பதவியும் போகாது. அதே கட்சியிலிருந்து ஒரே ஒருவர், இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்ற கொறடா உத்தரவை மீறினால் பதவி போகும். போகும் என்றால், சபாநாயகர் நினைத்தால் போகும். அதனால்தான் 1998-ல் வெளியிலிருந்து ஆதரவு தந்த தெலுங்கு தேசத்துக்குச் சபாநாயகர் நாற்காலி போனது, பாலயோகி உட்கார்ந்தார். விவரம் தெரிந்த கூட்டாளி கேட்பது அந்த நாற்காலியைத்தான்.

சபாநாயகர் எப்படிக் கணக்கையே மாற்றுவார் என்பதற்கு எங்கள் பெரம்பூரே சாட்சி. 2017 பிப்ரவரி 18-ல் எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை ஓட்டு கேட்டார். திமுகவை வெளியேற்றி, காங்கிரஸ் வெளிநடப்பு செய்து, 122-க்கு 11 என்று முடிந்தது. எதிர்த்துப் போட்ட அந்த 11 பேர் ஓ. பன்னீர்செல்வம் அணி. ஆகஸ்டில் இரண்டு அணியும் சேர்ந்து அவர் துணை முதல்வரானார். உடனே தினகரன் பக்கம் இருந்த எம்.எல்.ஏ.க்கள் முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று கவர்னரிடம் கடிதம் கொடுத்தார்கள், செப்டம்பர் 18-ல் அவர்களில் 18 பேரைச் சபாநாயகர் தனபால் தகுதி நீக்கம் செய்தார். சபையில் எதிர்த்து ஓட்டே போட்டவர்கள் உள்ளே, கடிதம் எழுதியவர்கள் வெளியே. அந்த 18-ல் பெரம்பூர் வெற்றிவேலும் ஒருவர். ஆர்.கே. நகர் ஜெயலலிதா மறைவிலிருந்து காலி, 2017 ஏப்ரலில் நடக்க வேண்டிய இடைத்தேர்தலைப் பண விநியோகம் என்று தேர்தல் ஆணையம் ரத்து செய்து, டிசம்பரில்தான் நடத்தியது. ஆக 234 என்பது 215 ஆகிவிட்டது, 108 இருந்தால் பெரும்பான்மை! ஆளைச் சேர்க்காமல், ஆளைக் கழித்தே பெரும்பான்மை செய்யலாம் என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. உயர்நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகச் சொல்லி, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதி நீக்கம் சரி என்றார். 2019-ல் 22 தொகுதி இடைத்தேர்தலில் அதிமுகவுக்குக் கிடைத்த 9-ல் ஆட்சி தப்பியது. அந்த இடைவெளியில், இருபது மாதம், பெரம்பூருக்கு எம்.எல்.ஏ. கிடையாது. விலாசச் சான்றுக்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்று என் பக்கத்து வீட்டு அக்கா பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘நம்ம எம்.எல்.ஏ. யாருப்பா இப்ப?’ என்று கேட்டபோது, 108 பற்றி விளக்க எனக்கு வாய் வரவில்லை.

யாருக்கும் பெரும்பான்மை இல்லாத தொங்கு சபை வந்தால் கவர்னர் யாரைக் கூப்பிடுவார் என்பதற்குச் சட்டத்தில் வரிசை இல்லை. மத்திய, மாநில உறவை ஆராய்ந்த சர்க்காரியா கமிஷன் 1988-ல் ஒரு வரிசை சொல்லியிருக்கிறது: தேர்தலுக்கு முன்பே அமைந்த கூட்டணி, பிறகு மற்றவர் ஆதரவோடு வரும் தனிப்பெரும் கட்சி, பிறகு தேர்தலுக்குப் பின் சேர்ந்து எல்லோரும் மந்திரிசபையில் உட்காரும் கூட்டணி, கடைசியாகச் சிலர் உள்ளேயும் சிலர் வெளியேயும் நிற்கும் கூட்டணி. பரிந்துரைதான், கட்டாயம் இல்லை, கவர்னர்கள் தங்களுக்கு வசதியான இடத்திலிருந்து படிக்க ஆரம்பிப்பார்கள்.

இதெல்லாம் வடக்கே நடக்கிற வியாதி, தமிழ்நாட்டுக்கு ஒத்து வராது என்று சொல்பவர்களுக்கு 1952-ஐக் காட்டுங்கள். அன்றைய சென்னை ராஜ்யத்தில் 375 இடம், காங்கிரஸுக்கு 152. ஆந்திரத் தலைவர் டி. பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் ஒன்றாகச் சேர்ந்து காங்கிரஸைவிட அதிக எண்ணிக்கை காட்டின. கவர்னர் ஸ்ரீபிரகாசா கூப்பிட்டது தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை, அவரை மேலவைக்கு நியமனம் செய்து. ராஜாஜி செய்த முதல் வேலைகளில் ஒன்று, ஆறு எம்.எல்.ஏ. வைத்திருந்த காமன்வீல் கட்சியின் மாணிக்கவேல் நாயக்கரை மந்திரியாக்கியது. உழைப்பாளர் கட்சியின் ராமசாமி படையாச்சியார் 19 பேரோடு வெளியே நின்று ஆதரவு தந்தார், அவருக்கு மந்திரி பதவி 1954-ல் காமராஜர் வந்த பிறகு கிடைத்தது. ஜூலையில் நம்பிக்கை ஓட்டு கேட்டபோது 152 வைத்திருந்த கட்சிக்குச் சபையில் விழுந்தது 200, எதிர்த்து 151.